பூட்டுப் போடாத பெட்டி

1990களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து மரியோ விளையாடிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பலருக்கு நிண்டெண்டோ என்ற பெயரே தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. வீட்டில் இருந்த பெட்டியின் மேல் ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்று ஏதாவது எழுதியிருக்கும். சிலவற்றில் பெயரே இருக்காது. சென்னை பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பேரம் பேசி வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, ஓர் அடாப்டர், ‘9999 இன் 1’ என்று பீற்றிக்கொள்ளும் கேசட் ஒன்று. ஊரில் இதற்கு டிவி கேம் என்று பெயர்.

அந்தப் பெட்டி ஜப்பானின் கியோட்டோவில் வடிவமைக்கப்பட்ட ஓர் இயந்திரத்தின் நகல். அதன் விற்பனையில் நிண்டெண்டோ ஒரு காசும் பார்க்கவில்லை. மாஸ்கோவிலும் வார்சாவிலும் சீனத்துச் சிற்றூர்களிலும் இதே கதைதான். அசல் பெட்டி சரிவரப் போய்ச் சேராத நாடுகளுக்கெல்லாம் நகல் போனது; அசல் கடைகளிலிருந்து மறைந்த பிறகு கணினி நிரல் வடிவில் இன்னொரு நகல் பிறந்தது. 1983இல் வெளியான அந்த இயந்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறதென்றால் அதில் பெரும்பங்கு அனுமதி கேட்காமல் நகலெடுத்தவர்களுடையது.

நிண்டெண்டோ 1889இல் ஹனஃபுடா என்னும் ஜப்பானியச் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம். 1980களின் தொடக்கத்தில் அதன் தலைவர் ஹிரோஷி யமவுச்சி, வீட்டு டிவியில் இணைத்து விளையாட மலிவான இயந்திரம் ஒன்று வேண்டும் என்றார். அந்த வேலை பொறியாளர் மசயுகி உவெமுராவிடம் வந்தது. ரிகோ நிறுவனம் சில்லுகளைச் செய்து கொடுத்தது. மூளையாக இருந்தது 6502 என்ற புகழ்பெற்ற மலிவுச் செயலியின் ஒரு வடிவம். அதன் அருகில் படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு. 1983 ஜூலை 15 அன்று சிவப்பும் வெள்ளையுமாக ஃபேமிகாம் கடைக்கு வந்தது. விலை 14,800 யென். முதல் நாள் அதோடு வந்த விளையாட்டுகள் மூன்றே: டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய்.

செயலிக்கென்று இருந்த நினைவகம் 2 கிலோபைட். இன்றைய கணினியில் தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும். விளையாட்டின் நிரலும் படங்களும் கேசட்டில் இருந்தன. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றி இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். திரையின் ஒரு வரியில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் வரையப் படச் சில்லால் இயலாது. ஒன்பதாவது வந்தால் உருவங்கள் மாறி மாறி மினுக்கும். பிள்ளைகள் பார்த்த அந்த மினுக்கலுக்குக் காரணம் பழுது இல்லை, சில்லின் எல்லை.

ஃபேமிகாம் வந்த அதே 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் தொழில் குப்புற விழுந்துகொண்டிருந்தது. அடாரி 2600 என்ற இயந்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் கேசட் செய்து விற்கலாம் என்றாகி, கடைகள் முழுக்கத் தரமில்லாத விளையாட்டுகள் குவிந்தன. 1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வீட்டு வீடியோ கேம் விற்பனை 1985இல் 10 கோடிக்கு இறங்கியது. விற்காத கேசட்டுகளை அடாரி நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோவில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்தது. 2014இல் அதைத் தோண்டி ‘இ.டி.’ என்ற விளையாட்டின் கேசட்டுகளை வெளியே எடுத்துக் காட்டியபோதுதான் அதை வெறும் வதந்தி என்றவர்கள் அடங்கினார்கள்.

அந்தச் சரிவைப் பார்த்து நிண்டெண்டோ ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் என்.இ.எஸ். என்ற புதுப்பெயரோடும் வீடியோ டெக் போன்ற தோற்றத்தோடும் தன் இயந்திரத்தை இறக்கியபோது உள்ளே ஒரு பூட்டுச் சில்லையும் வைத்தது. பெட்டியில் ஒன்று, கேசட்டில் ஒன்று. மின்சாரம் வந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று ரகசிய எண்களைப் பரிமாறிக்கொள்ளும். எண் பொருந்தாவிட்டால் பெட்டி நொடிக்கொரு முறை தன்னைத்தானே அணைத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். வெளி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது; கேசட்டையும் நிண்டெண்டோதான் செய்து தரும். அடாரி கேம்ஸ் நிறுவனம் இந்தப் பூட்டைத் திறக்க ஒரு குறுக்குவழி பிடித்தது. வழக்கு ஒன்றுக்குத் தேவை என்று பொய் சொல்லி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே பூட்டின் நிரலை வாங்கிவிட்டது. 1992இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பூட்டு எதிராளியை மட்டும் வாட்டவில்லை. அமெரிக்கப் பெட்டியில் கேசட்டை உள்ளே தள்ளிக் கீழே அழுத்த வேண்டும். நாளடைவில் அந்த இணைப்பு தளர்ந்துவிடும். தொடர்பு சரியாக இல்லாவிட்டால் அசல் கேசட்டையும் பூட்டுச் சில்லு திருட்டுச் சரக்காக எண்ணி விளக்கை மினுக்கவைக்கும். உலகமெங்கும் பிள்ளைகள் கேசட்டை ஊதிப் பார்த்ததற்கு இது ஒரு காரணம். ஊதியதால் பலன் வந்ததுபோல் தெரிந்தது, கழற்றி மாட்டியதால்தான். எச்சில் ஈரம் உலோகக் கால்களை அரித்ததே மிச்சம்.

ஜப்பானிய ஃபேமிகாமிலோ பூட்டே கிடையாது. 1983இல் அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நகலெடுக்க வந்தவர்கள் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் நுழைந்தார்கள். தைவானின் சில்லு நிறுவனமான யு.எம்.சி., ஃபேமிகாமின் செயலிக்கும் படச் சில்லுக்கும் ஈடான சில்லுகளைச் செய்தது. சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே சில்லுக்குள் அடங்கின. இன்னும் பிந்தைய பெட்டிகளைத் திறந்தால் பச்சைப் பலகையில் கருப்புப் பிசின் சொட்டு ஒன்றுதான் தெரியும், அதன் கீழே மொத்த இயந்திரமும் இருக்கும். தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம் ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற பெயரில் விற்றது. 1992இன் கடைசியில் ரஷ்யாவின் ஸ்டீப்ளர் நிறுவனம் யானைக்குட்டிச் சின்னத்தோடு ‘டெண்டி’ என்ற நகலைக் கொண்டுவந்தது. அது அங்கே எவ்வளவு பரவியது என்றால், 1994இல் நிண்டெண்டோவே ஸ்டீப்ளரோடு உடன்பாட்டுக்கு வந்து, டெண்டி மீதான உரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுத்து, தன் அடுத்த இயந்திரத்தை அந்த நிறுவனம் மூலமே ரஷ்யாவில் விற்கச் சம்மதித்தது. போலந்தில் பரவிய நகலின் பெயர் ‘பெகசஸ்’.

சீனத்தில் கதை வேறு மாதிரி போனது. ஜோங்ஷான் நகரின் சுபோர் நிறுவனம் அதே சில்லுகளை விசைப்பலகைக்குள் வைத்து ‘கற்றல் இயந்திரம்’ என்று விற்றது. நடிகர் ஜாக்கி சான் விளம்பரத்தில் வந்தார். பிள்ளை கணினி படிக்கிறான் என்று அப்பா அம்மா நம்பினார்கள். பிள்ளை காண்ட்ரா என்ற சுடும் விளையாட்டை ஆடினான். சுபோரை நடத்திய துவான் யோங்பிங் 1995இல் அங்கிருந்து விலகி பி.பி.கே. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு விற்கும் ஓப்போவும் விவோவும் அந்த மரத்தின் கிளைகள்.

இந்தியாவில் முறையாக விற்கவும் முயற்சி நடக்காமல் இல்லை. 1995இல் சேகா நிறுவனம் ஷா வாலஸ் நிறுவனம் மூலம் மெகா டிரைவ் என்ற தன் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படியும் விலை 18,000 ரூபாய். அந்நாளில் அரசு எழுத்தர் ஒருவர் பல மாதச் சம்பளத்தைச் சேர்த்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும். பர்மா பஜார் பெட்டி அதில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைத்தது.

அந்த நகல் பெட்டிகளில் என்ன விளையாட்டுகள் இருந்தன என்பதே ஒரு தனிச் செய்தி. டாங்கிகள் செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு போகும் பேட்டில் சிட்டி, சிவப்புக் கார் ஓடும் ரோட் ஃபைட்டர், நெருப்பு வளையத்தைத் தாண்டும் சர்க்கஸ் சார்லி. சென்னையிலும் மாஸ்கோவிலும் வளர்ந்த தலைமுறைக்கு இவை அத்துப்படி. அமெரிக்காவில் என்.இ.எஸ். வைத்திருந்த பிள்ளைகளுக்கு இவை தெரியாது, ஏனெனில் அந்த இயந்திரத்துக்கு இவை அங்கே வெளியாகவே இல்லை. மூன்றும் ஜப்பானின் ஆரம்பகால விளையாட்டுகள். ஒவ்வொன்றும் 24 கிலோபைட்தான். கேசட்டுக்குள் துணைச் சில்லு எதுவும் தேவையில்லை. ஒரே கேசட்டில் பல விளையாட்டை அடைக்க நினைத்தவருக்கு இவற்றைவிட வசதியானது எதுவும் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட, அதே விளையாட்டை இரண்டாம் கட்டத்திலிருந்தோ மூன்றாம் கட்டத்திலிருந்தோ தொடங்கவைத்து வேறு பெயர் கொடுத்துவிடுவார்கள். 9999 என்பது இப்படி வந்த கணக்கு.

நகலில் பிசகும் இருந்தது. யு.எம்.சி. செய்த செயலியின் ஒலிப் பகுதியில், இசைக்குப் பயன்படும் இரண்டு அலை வடிவங்கள் இடம் மாறிவிட்டன. அதனால் சில பாட்டுகளின் குரல் மாறிக் கேட்கும். அந்தப் பெட்டியில் வளர்ந்தவர் பின்னாளில் அசல் ஃபேமிகாமின் இசையைக் கேட்டால் அசல்தான் தப்பாக ஒலிக்கிறது என்பார்.

துப்பாக்கி வேலை செய்த விதம் பலருக்குப் புதிராக இருந்தது. அதிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அது வெளிச்சத்தைப் பார்க்கும் கண் மட்டுமே. டக் ஹண்ட் என்ற வாத்து சுடும் விளையாட்டில் விசையை அழுத்திய அந்தக் கணத்தில் திரை முழுதும் கருப்பாகும், அடுத்த சட்டத்தில் வாத்து இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். கருப்புக்குப் பின் வெள்ளை தெரிந்தால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் இரண்டு கட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. பழைய கண்ணாடிக்குழாய் டிவி வரி வரியாக மின்னும் வேகத்துக்கு ஏற்றாற்போல் அந்தக் கண்ணைச் செய்திருந்தார்கள். எல்.சி.டி. டிவி வீட்டுக்கு வந்த அன்றே துப்பாக்கி பொம்மையாகிவிட்டது.

எல்.சி.டி. காலத்துக்கு முன்பே, அசல் பெட்டி கடைகளிலிருந்து மறையத் தொடங்கியபோது, எமுலேட்டர்கள் வந்துவிட்டன. ஓர் இயந்திரத்தின் சில்லுகள் ஒவ்வொன்றும் செய்யும் வேலையை மற்றொரு கணினியில் நிரலாக நடித்துக் காட்டுவதே எமுலேட்டர். 1996இல் மராட் ஃபைசுலின் என்ற நிரலாளர் ஐநெஸ் என்ற எமுலேட்டரை வெளியிட்டார். அதைவிட நீடித்து நின்றது அதற்காக அவர் வகுத்த கோப்பு வடிவம். கேசட்டிலிருந்து உறிஞ்சி எடுத்த நிரலுக்கு முன்னால் 16 பைட்டில் ஒரு முகப்பு. அதில் முதல் மூன்று பைட் ‘என்’, ‘இ’, ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்துகள். கேசட்டுக்குள் என்ன துணைச் சில்லு இருந்தது என்பதையும் ஓர் எண்ணால் அது சொல்லும். காண்ட்ராவின் ஜப்பானியப் பதிப்பில் அதைச் செய்த கொனாமி நிறுவனம் தன் சொந்தச் சில்லைப் பயன்படுத்தியது, அமெரிக்கப் பதிப்பில் சாதாரணச் சில்லு. இந்த எண் இல்லாமல் இரண்டையும் ஓட்ட முடியாது.

1997 ஏப்ரலில் நெஸ்டிக்கிள் என்ற எமுலேட்டர் வந்தது. இலவசம், சாதாரணக் கணினியிலேயே வேகமாக ஓடியது, ஆட்டத்தை எந்த இடத்திலும் சேமித்துவைத்துத் திரும்ப அங்கிருந்தே தொடர வழி தந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம், காசு போட்டு ஆடும் கூடத்து இயந்திரங்களுக்கு இதே வேலையைச் செய்தது. ரிச்சி தெருவில் விற்ற சி.டி.க்களிலும் பிரவுசிங் சென்டர் கணினிகளிலும் மரியோ இரண்டாம் முறை தமிழ்நாட்டுக்கு வந்த வழி இதுதான்.

எமுலேட்டர் எழுதுவது எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு மரியோ திரையின் மேல்பட்டையே போதும். மரியோ ஓடும்போது தரை நகர்கிறது, மேலே மதிப்பெண் மட்டும் நிற்கிறது. படச் சில்லுக்கு அப்படிப் பிரித்து நிறுத்தும் வசதி கிடையாது. எனவே நிரலாளர்கள் மதிப்பெண் பட்டையிலுள்ள சின்ன நாணயப் படத்தின் அடியில் பூஜ்யமாம் எண் உருவத்தை ஒளித்துவைத்தார்கள். டிவி வரி வரியாக வரைந்துகொண்டு வந்து அந்தப் புள்ளியைத் தொட்டதும் படச் சில்லு ஒரு கொடி உயர்த்தும். அதற்காகவே காத்திருக்கும் செயலி, அந்த நொடியில் தரையை நகர்த்தத் தொடங்கும். எமுலேட்டர் அந்தக் கொடியை உயர்த்தத் தவறினால் ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கும். அசல் இயந்திரத்தில் செயலி ஒரு துடிப்பு துடிப்பதற்குள் படச் சில்லு மூன்று புள்ளி வரைந்துவிடும். அந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தையும் நிரல் விடாமல் காக்க வேண்டும்.

இது சட்டப்படி சரியா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது, ஆனால் நிண்டெண்டோவால் அல்ல. 1999இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக் கணினியில் ஓட்டும் நிரலை விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று அறிவதற்காக அதன் நிரலை இடையில் நகலெடுத்தது நியாயமான பயன்பாடே என்றது. சோனி பிறகு அந்த நிரலையே விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்திவிட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் நிரல்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கு வேண்டிய தகவலைப் பெற இடம் கொடுக்கிறது. எமுலேட்டர் வேறு, விளையாட்டு வேறு. விளையாட்டின் நிரலுக்கு உரிமை தனி. அமெரிக்கச் சட்டக் கணக்கில் 1985இன் மரியோ 2080 வரை நிண்டெண்டோவுக்குச் சொந்தம்.

நகலெடுத்தவர்களை விரட்டிய நிண்டெண்டோ பின்னர் அவர்கள் வழிக்கே வந்தது. தன் வீ இயந்திரத்தில் பழைய விளையாட்டுகளைக் காசுக்கு விற்றபோது அவற்றை ஓட்டியது எமுலேட்டர். 2016இல் வீடியோ கேம் வரலாற்றாளர் ஃபிராங்க் சிஃபால்டி ஒரு மாநாட்டு உரையில், அப்படி விற்ற மரியோ கோப்புக்குள் ஐநெஸ் முகப்பு இருப்பதைத் திரையில் போட்டுக் காட்டினார். நிண்டெண்டோ இணையத்திலிருந்து இறக்கித் தன் சரக்கையே விற்றதா என்று பேச்சு கிளம்பியது. ஐநெஸ் உருவான காலத்தில் அதற்குக் கைகொடுத்த டொமோஹிரோ கவாசே பிற்பாடு நிண்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதைச் சிலர் விளக்கமாகச் சொன்னார்கள். எப்படியானாலும் அந்த 16 பைட் எமுலேட்டர்காரர்களின் கைவண்ணம். அதே ஆண்டு நவம்பரில் 30 விளையாட்டோடு வந்த என்.இ.எஸ். கிளாசிக் என்ற கையடக்கப் பெட்டிக்குள் இருந்தது சீனத்து ஆல்வின்னர் நிறுவனத்தின் சில்லு, லினக்ஸ், ஓர் எமுலேட்டர். அசலில் 2 கிலோபைட் இருந்த இடத்தில் 256 மெகாபைட் நினைவகம்.

அதற்காகக் கெடுபிடி தளர்ந்துவிடவில்லை. 2024 மார்ச்சில், ஸ்விட்ச் இயந்திரத்தை நடித்த யுசு எமுலேட்டரைச் செய்தவர்கள் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள். அடுத்த மாதமே ஆப்பிள் தன் ஐபோன் கடையில் பழைய இயந்திர எமுலேட்டர்களை அனுமதித்தது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே கிடைக்காது என்று சிஃபால்டியின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் பழைய கேசட்டுகளுக்குள் இருக்கும் சிறு மின்கலங்களும் வரிசையாகத் தீர்ந்துவருகின்றன.

இப்போது பாதுகாப்பவர்களின் கவனம் நகல் பெட்டிகள் மீதும் திரும்பியிருக்கிறது. ஐநெஸ் முகப்பின் திருத்திய வடிவத்தில் இயந்திரத்தின் காலக் கணக்கைச் சொல்ல ஓர் இடம் உண்டு. ஜப்பான்-அமெரிக்கா முறை, ஐரோப்பிய முறை, இரண்டிலும் ஓடுவது, நான்காவதாக டெண்டி. இந்தியாவைப் போல நொடிக்கு 50 சட்டம் காட்டும் டிவி உள்ள நாடுகளுக்காகச் செய்த நகல்களின் முறை அது. அதே 50 சட்ட டிவிக்காக நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கு அனுப்பிய அசல் பெட்டியில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் 3.2 ஆகிவிட்டது, செயலியின் வேகமும் குறைந்தது, சுருதியும் இறங்கியது. தைவான்காரர்கள் விகிதத்தை மூன்றாகவே வைத்து, செயலியின் வேகத்தையும் ஏறக்குறைய ஜப்பானிய அளவிலேயே நிறுத்தினார்கள். ஜப்பானிய விளையாட்டை ஓட்டுவதில் ஐரோப்பாவின் அசல் பெட்டியைவிடத் தைவான் நகல் ஃபேமிகாமுக்கு நெருக்கமாக நின்றது. ‘9999 இன் 1’ போன்ற கேசட்டுகளில் இருந்த கள்ளச் சில்லுகளுக்கும் அந்தக் கோப்பு வடிவத்தில் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.